அவுரிக்கு முந்தின நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், கார்த்திகை மாதம். இராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், நிலக்கரி வண்டிகளை நிறுத்தும் இடத்தை ஒட்டிய சந்தில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் கணவர் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் குமாஸ்தா. எங்களோடு மாமியாரும், மூன்று வயது நிறையாத எங்கள் மகளும் இருந்தார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். படித்த பாடங்களில் சுகாதாரப் பாடம்தான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது. சற்று அதிகமாகவே பதிந்துவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. தண்ணீரில் கிருமி, ஈ உட்கார்ந்த பலகாரத்தில் கிருமி, தெருப் புழுதியில் கிருமி. என் மகளோ எதையும் வாயில் போட்டுப் பார்த்தால்தான் அது இன்னதென்று ஒப்புக்கொள்கிறவள். புளியங்கொட்டை, சுவரிலிருந்து உதிர்ந்த காரை, ரயில் கரி, ஒருநாள் அவள் அப்பாவின் சட்டைப் பொத்தான். நான் அடுப்பங்கரையில் இருந்தாலும் அவள் கன்னம் அசைகிற தினுசைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். ஓடிவந்து இடது கையை அவள் மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டு, "துப்பு! என் கையில துப்பு! துப்புன்னா துப்பணும்!" என்று கத்துவேன். துப்பியதும் முந்தானையால் நாக்கைத் துடைத்துவிடுவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அது மனப்பாடம்.

"நம்ம சந்துக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டரே தேவயில்ல" என்பார் கணவர்.

மாமியார் இவ்வளவு சுருக்கமாக விடமாட்டார். "கொயந்தன்னா வாயில வெக்கத்தான் செய்யும். நீ கத்துற கத்துல அது பயந்து பூடும்மே. நாலு நல்ல வார்த்த சொல்லு அதுங்கிட்ட."

அவர் சொல்வது சரிதானோ என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். நாளைக்குக் கத்தக்கூடாது என்று தீர்மானிப்பேன். மறுநாள் அவள் வாயில் கரித்துண்டு இருக்கும்.

தூங்கும்போது மட்டும் எனக்கும் அவளுக்கும் சண்டை இல்லை. என் பின்னல் அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும். அதன் நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கன்னத்தில் வைத்துக்கொண்டால்தான் அவள் கண் மூடும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று எங்கள் சந்து முழுவதையும் படுத்தி எடுத்த எனக்குத்தான் அந்த ஆவணியில் டைபாய்டு வந்தது. ஒட்டிக்கொள்ளும் ஜுரம், குழந்தையை அப்புறப்படுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதும் என் அண்ணன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் எண்ணூர்க் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளியில் குடியிருந்து உப்பளத்தில் மேஸ்திரியாக வேலை பார்த்தார். அவள் அழுதுகொண்டே போனது பாதி நினைவில் கேட்டது. மூன்று வாரம் ஜுரம். விட்டது என்று நினைத்தபோது மறுபடி வந்து இன்னும் மூன்று வாரம். எழுந்து உட்கார்ந்தபோது ஐப்பசி பாதி போய்விட்டது.

கண்ணாடியை மாமியார் ஒளித்து வைத்திருந்தார். நான் கேட்டுக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்மண்டையில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. மிச்சமிருந்ததில் நெற்றியிலிருந்து உச்சி வரை வெள்ளை. பின்பக்கம் படுக்கையோடு படுக்கையாகச் சிக்குப் பிடித்து, தேங்காய் நார்க் கத்தை போல ஒரே அடையாக இருந்தது. சீப்பு இறங்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிட்டது.

உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அண்ணன் குழந்தையைக் கூட்டிவரும் வரைக்கும்.

இரண்டரை மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கப் போகிறேன். அவளிடம் என்ன பேசவேண்டும் என்று படுக்கையிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இனி கத்துவதில்லை, நல்ல வார்த்தைதான். அவள் வாசலில் வந்து நின்றதும் கையை நீட்டி, வராத குரலில், "கண்ணே, தங்கமே, அம்மாகிட்ட வாடா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். அண்ணனின் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"இந்த ஆயா வேணாம் மாமா. போலாம்."

எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி.

"ஆயா இல்லடி கண்ணு, உங்கம்மாடி" என்று அண்ணன் அவளைத் தூக்கி என் மடியில் வைத்தார். அவள் வில்லாக வளைந்து வீறிட்டாள். நான் தொடத் தொட அழுகை ஏறியது. தொண்டை கம்மி இருமல் வந்து நீலம் பாய்கிற வரை அழுதாள். சாயங்காலம் அண்ணன் வேறு வழியில்லாமல் அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

"பதினஞ்சு நாளு போவட்டும் தங்கச்சி. நீயும் தேறிக்கோ. அடுத்த அடுத்த ஞாயித்துக்கெயம இட்டாறேன். கொயந்த மனசு, மறந்துடும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்தியது. ஏற்கெனவே மறந்துவிட்டாளே.

அவர்கள் தெருமுனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. ஒரு முரட்டுப் பிடிவாதம் வந்தது. அவளுக்குத் தெரிந்த அம்மாவுக்குக் கறுப்புத் தலையும் நீளப் பின்னலும் இருந்தன. பதினைந்து நாளில் அந்த அம்மாவை அவள் முன்னால் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

எப்படி என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் கணவர் தோல் மண்டியில் வேலை. அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, ஆனால் தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. நான் கேட்டதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"யாருக்கும் சொல்லாதே தங்கச்சி. எனக்கு முப்பதுலேயே நரைச்சுப்போச்சு. எல்லாம் மருதாணியும் அவுரியும் பண்ற வேல."

முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் மருதாணி அரைத்துப் பூசிக் கழுவவேண்டும். முடி சிவந்துவிடும். மறுநாள் அவுரி இலைப் பொடியைக் குழைத்துப் பூசவேண்டும். அப்போதுதான் கறுப்பாகும். மருதாணி இல்லாமல் அவுரி பிடிக்காது, அவுரி இல்லாமல் மருதாணி மட்டும் போட்டால் தலை செங்கல் மாதிரி நிற்கும்.

"ஆனா இந்த அடைமேல எதுவும் ஏறாது" என்று என் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்தார். "இத்த எடுத்துடணும். கழுத்து வரைக்கும் வெட்டிட்டு, சாயம் ஏத்தி, சவுரிமுடி வெச்சுப் பின்னிக்கோ. உங்கூட்டுக்காரருக்கே வித்தியாசம் தெரியாது."

வெட்டுவது. அங்கேதான் விஷயம் கடினமானது. பெண்ணின் தலையில் எந்த வீட்டில் கத்தி வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கணவன் போன வீட்டில்தான். தாலி கழுத்தில் இருக்கும்போது ஒருத்தி தானாகத் தலைமுடியை வெட்டிக்கொள்வது என்பதை எங்கள் சந்தில் யாரும் கேட்டதில்லை.

மாமியாரிடம் சொன்னேன். அவர் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அரிசியைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மே சொல்றே? எம்புள்ள தெனம் கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல பலகை மேல நடந்துகினு கீறான். கால் வயுக்கினா கடலு. நீ தலைய வெட்டிக்கினு வந்து நிக்கிறேன்றியா?"

"அத்தே, குழந்தை என்னைப் பார்த்து பயப்படுது."

"ஒரு வருசத்துல தன்னால வளரும்."

"ஒரு வருஷம் அவ காட்டுப்பள்ளியிலேயே இருக்கணுமா?"

அவர் முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். கணவரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனுக்கு ஒன்னும் ஆவாது. ஆத்தா மனசு நோவாம பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அது சம்மதமா இல்லையா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான் செய்யப்போவது சுயநலமா? குழந்தைக்காகத்தானா, அல்லது அந்தக் கண்ணாடியைப் பார்க்கமுடியாததாலா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுள் முழுக்க இந்த வெட்டைத்தானே நினைப்பேன்? ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு இரண்டு பதில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றாகத்தான் இருந்தது, அது நெருங்கிக்கொண்டும் இருந்தது.

புதன்கிழமை காலையில் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வாசல்படி இறங்கும்போது பின்னால் மாமியாரின் குரல்.

"நில்லு. தனியா போவாதே."

அவர் கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது.

நாங்கள் போனது ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாளின் வீட்டுக்கு. அவர் கணவர் ரயிலில் கார்டு. அந்த அம்மாள் வராந்தாவில் ஒரு நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டு, குடியிருப்புப் பெண்களுக்கு முடி வெட்டிவிடுவார். கழுத்து வரைக்கும் கத்தரித்துக்கொள்வது அப்போது அவர்களிடையே நாகரிகம். ஸ்பிரிட் விளக்கில் இடுக்கி போன்ற ஒரு கருவியைச் சூடாக்கி, அது காகிதத்தைக் கருக்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு பெண்ணின் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஜாக்கெட் தைக்க வந்தோம் என்று நினைத்தார்.

"டெய்லர் பின்னாடி லைன்ல கீறான் மேன்."

"நாங்க பொம்பளைங்கம்மா" என்றார் மாமியார்.

"தெரியுது மேன்." ஆணோ பெண்ணோ, யாரிடம் பேசினாலும் 'மேன்' என்று முடிப்பது அவர் வழக்கம்.

நான் முந்தானையை எடுத்துத் தலையைக் காட்டினேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து, விரல்களால் அந்தச் சிக்கைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"டைபாய்டா?"

"ஆமாம்."

"என் தங்கச்சிக்கும் இப்டித்தான்." பிறகு என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "கேக்கிறேன்னு கோச்சுக்காதே. ஹஸ்பெண்ட் உயிரோட கீறாரா?"

மாமியாருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "எம்புள்ளையா? குண்டுக்கல்லாட்டம் கீறான்! காலைல ஆறு இட்லி துன்னுட்டுப் போனான்!"

"அப்போ சரி. குந்து" என்று நாற்காலியைக் காட்டினார் அந்த அம்மாள். "நல்லா யோசிச்சுக்கோ. வெட்டினா நான் ஒட்ட மாட்டேன்."

உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டினார். வெள்ளைத் துணியைப் பார்த்ததும் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தரிக்கோலின் குளிர்ச்சி பிடரியில் பட்டபோது, எழுந்துவிடலாம் என்று ஒரு நொடி கால் தரையில் ஊன்றியது உண்மை. 'இந்த ஆயா வேணாம்' என்ற குரல் காதில் கேட்டது. காலைத் தளர்த்திக்கொண்டேன்.

சிக்கை வெட்டுவது முடி வெட்டுவது போல் இல்லை. கயிறு அறுப்பது போல் இருந்தது. கத்தரிக்கோல் நறநறவென்று கடித்துக் கடித்துப் போயிற்று. கடைசியில் 'தொப்' என்று அந்த அடை தரையில் விழுந்தபோது என் தலை தானாக நிமிர்ந்தது. அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டிருந்தேன் என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் மெதுவாக, கழுத்தைத் தொடுகிற அளவுக்குச் சுற்றிலும் சமமாக வெட்டிவிட்டார். கண்ணாடியில் இருந்தவள் யாரோ. ஆனால் நோயாளி இல்லை.

துணியை அவிழ்த்தவுடனே மாமியார் எழுந்து வந்தார். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு முழம் மல்லிகை. முடி விழுந்த தலை ஒரு நிமிஷம்கூடப் பூவில்லாமல் இருக்கக்கூடாது என்று, விடியற்காலையில் போய் வாங்கி வைத்திருக்கிறார். சொருகிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி சொருகினார். பூ தோளில் விழுந்தது.

"நிக்க மாட்டேங்குதே" என்றார் என்னிடம், ஏதோ நான் சரிசெய்ய முடியும் என்பது போல.

அந்த அம்மாள் தன் தலையிலிருந்து இரண்டு ஊசிகளைக் கழற்றினார். பூச்சரத்தை என் காதிலிருந்து காது வரை கிரீடம் போல் வளைத்துக் குத்தினார். "எங்க சர்ச்ல கல்யாணப் பொண்ணு இப்டித்தான் வெச்சுப்பா மேன்" என்றார். மாமியார் கொஞ்சம் விலகி நின்று பார்த்தார். கூலி என்ன என்று கேட்டதற்கு, எண்ணூர் நண்டு கிடைத்தால் கொண்டுவரச் சொன்னார் அந்த அம்மாள்.

திரும்பி வரும்போது சந்துக் குழாயடியில் பேச்சு நின்றது. ஒருத்தி, "இன்னா, வூட்ல ஏதாவது..." என்று ஆரம்பித்தாள். மாமியார் நிற்காமலே சொன்னார்: "டாக்டரு சொன்னாரு. பூ வெச்சிக்கினு கீறது கண்ணுக்குத் தெரில?" டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மாமியார் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "பயாஸ்கோப்புல வர்ற துரைசானியாட்டம் கீறே" என்றார். சிரித்தார். ஆனால் அன்று கால் கழுவும்போது இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஜுரத்தின்போது கொட்டிய முடியையெல்லாம் மாமியார் சுருட்டி ஒரு மண்சட்டியில் போட்டு வைத்திருந்தார். அதை அலசிக் காயவைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, நுனியில் கறுப்பு நூல் கட்டி, அவரே சவுரி செய்தார். என் முடியே எனக்குப் பின்னலாகத் திரும்பி வந்தது. வெட்டு ஆயிற்று, சவுரி ஆயிற்று. மிச்சம் சாயம். சனிக்கிழமை மருதாணி, ஞாயிறு காலை அவுரி, ஞாயிறு மத்தியானம் என் மகள். எல்லாவற்றையும் கணக்காகப் பொருத்தி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அக்கா மருதாணியை அரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வைத்துக் கழுவச் சொன்னார். இரண்டு மணி ஆனதும் எனக்குச் சந்தேகம் வந்தது. சரியாகப் பிடிக்காமல் போனால் நாளைக்கு அவுரி ஏறாதே. இன்னும் ஒரு மணி இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு அதற்கு மேலும் ஒரு மணி. கழுவித் தண்ணீரை ஊற்றிவிட்டு, செம்புப் பாத்திரத்தின் பளபளப்பில் முகத்தைப் பார்த்தேன். பாத்திரம் எது தலை எது என்று தெரியவில்லை.

வெள்ளை முடி அத்தனையும் தணல் மாதிரி ஜொலித்தது. மாமியார் எட்டிப் பார்த்தார். "எம்மாடி! தலைல அடுப்பு எரியுது!" அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாலு மணி நேரமா வெச்சே? எங்க வூட்டு ஆம்பளைங்க தாடிகூட இப்டி செவக்காது! கவலப்படாதே, நாளைக்கு அவுரி போட்டா அடங்கிடும்." அவுரிப் பொடியை ஒரு முறத்தில் கொட்டி, துணி மூடி, பின்கட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார். நாளைக்கு அடங்கிவிடும். இன்று ஒரு நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும்.

முற்றத்தில் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணனின் குரல் கேட்டது.

"தங்கச்சி! உப்புப் படகு ஒன்னு கால்வாய்ல வந்துச்சு. தண்டையார்பேட்ட வரைக்கும் ஏறிக்கினு ஒரு நாளு முன்னாலயே வந்துட்டோம்! நண்டு வேற கீது, கூடைய வாங்கு!"

மாமியாரைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, நாளை வரைக்கும் அவ என்னைப் பார்க்கக் கூடாது. எப்படியாவது முன்கட்டிலேயே வெச்சுக்கோங்க" என்று கெஞ்சினேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பின்கட்டில் ஓலை கட்டிய குளிக்கும் மறைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டேன். இத்தனை செய்தவள், இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும் ஒளிந்திருக்க மாட்டேனா?

மாமியார் முன்கட்டில் என்னவோ முறுக்கெல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் மகள் பின்கட்டுப் படியில் வந்து நின்றாள். கறுத்திருந்தாள், உயர்ந்திருந்தாள், நான் பார்த்திராத ஒரு பாவாடை கட்டியிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அசைந்தால் பதினைந்து நாள் பாடும் போயிற்று. மறுபடி வீறிட்டு அழுவாள், மறுபடி படகு ஏறுவாள், இனி எப்போது வருவாளோ.

அவள் படியில் உட்கார்ந்தாள். முறத்தின் மேலிருந்த துணியை விலக்கினாள். பச்சைப் பொடியை ஒரு விரலால் தொட்டாள். முகர்ந்தாள். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

கன்னம் அசைந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. ஓலைத் தட்டியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். முந்தானை எங்கோ விழுந்தது. இடது கை தானாக அவள் மோவாய்க்குக் கீழே போயிற்று. மூன்று மாதமாக வராத குரல் எங்கிருந்தோ வந்தது.

"துப்பு! என் கையில துப்பு! துப்புன்னா துப்பணும்!"

அவள் துப்பினாள். பச்சைச் சேறு மாதிரி என் உள்ளங்கையில் விழுந்தது. பழக்கப்படி நாக்கை நீட்டினாள். நான் முந்தானை நுனியைத் தேடி எடுத்துத் துடைத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"கசக்குதும்மா" என்றாள்.

பின்கட்டு வாசலில் மாமியாரும் அண்ணனும் வந்து நின்றிருந்தார்கள். அவளோ என் கண்ணையும் பார்க்கவில்லை, கண்ணீரையும் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையைத்தான் பார்த்தாள்.

"ஏன் செவப்பா கீது?"

"மருதாணிம்மா."

"எனுக்கு?" என்று பச்சை அப்பிய இரண்டு கையையும் நீட்டினாள்.

அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பயப்படாதே, அவுரி விஷத்துக்கே மருந்து!" என்று கத்தினார். இருந்தும் அவளை மூன்று தடவை வாய் கொப்பளிக்கவைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. மிச்சமிருந்த மருதாணியை அவள் கையில் வைத்துவிட்டேன்.

மத்தியானம் அவளுக்குத் தூக்கம் வந்தது. பழக்கத்தில் என் முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய்த் தேடினாள். ஒன்றும் இல்லை. மாமியார் ஓடிப்போய்ச் சவுரியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், ஓரமாக வைத்துவிட்டாள். என் இடது கையை இழுத்துத் தன் மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். கை மரத்துப்போகிற வரை நான் அசையவில்லை.

மறுநாள் காலையில் அவுரியைப் பூசிக்கொண்டேன். ஆரம்பித்ததை முடிக்கவேண்டும் அல்லவா? தலை நன்றாகவே கறுத்தது. மாமியாருக்குப் பரம திருப்தி. என் மகள்தான் ஒரு வாரம் வரைக்கும், "செவப்பு அம்மா எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நண்டுக் கூடையை அந்த வராந்தா அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓரம் கொஞ்சம் கோணலா கீது மேன், குந்து" என்று மறுபடி சமப்படுத்தி அனுப்பினார்.

ஐந்து வருஷமாகிறது. முடி இடுப்பு வரை வளர்ந்துவிட்டது. சவுரி பெட்டியில் இருக்கிறது, ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை. இப்போது இரண்டாவது குழந்தை தவழ்கிறது, அதுவும் கண்டதையெல்லாம் வாயில் போடுகிறது. நான் எழுந்து ஓடுவதற்குள் மூத்தவள் இடது கையை ஏந்திக்கொண்டு ஓடிவிடுகிறாள், அதே கூச்சலோடு. சின்னது பயந்துவிடுமோ, இப்படிக் கத்தலாமா என்று எனக்கு வழக்கம்போல் சந்தேகம் வருகிறது. அப்போதெல்லாம், நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் கூச்சலைத்தான் என் மகள் மூன்று மாதமும் 'அம்மா' என்று பத்திரமாக வைத்திருந்தாள் என்பதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன்.